கட்டைவிரலில் நீலம்

பல்கலைக்கழகத்தின் பொது ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். நாலைந்து துறைக்காரர்கள் ஒரே தராசுக்கும் ஒரே நுண்ணோக்கிக்கும் அடித்துக்கொள்ளும் இடம் அது. யார் எந்தச் சோதனையோடு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “வெறுந்தண்ணிக் குழாய் எங்க?” என்பதுதான். சோதிக்கும் பொருளைப் போடாமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிய ஒரு சோதனைக்குழாயைப் பக்கத்தில் வைத்து, மற்றதற்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும். அதிலும் நிறம் மாறினால் கோளாறு பொருளில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழாய் இல்லாமல் வருகிறவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவரானாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘வெறுந்தண்ணி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். கிழவிக்கு முன்கோபம் என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் யார் மேல் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மலாயாவில் வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அங்கே ஒரு லாப் இருந்தது. அதை ஒன்பது தோட்டங்கள் சேர்ந்து வைத்திருந்தன. ஒரு தோட்டத்துக்கு ஒரு லாப் கட்ட எந்தத் துரைக்கும் மனசு வரவில்லை, அதனால் எல்லாருக்குமாக ஒன்று. கடலோரத் தோட்டங்களிலிருந்தும், வடக்கே கலும்பாங் மலையடிவாரத்திலிருந்தும் மரப்பெட்டிகளில் போத்தல்கள் வரும். ரப்பர் பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுமா, மண்ணில் என்ன குறை, இவைதான் எங்கள் சோதனைகள். கலும்பாங் லோரி வராவிட்டால் வழியில் சுட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வோம். மறுநாள் வந்தால் பால் திரைந்து நாறும். அதையும் பதிந்து வைப்போம்.

லாப்புக்குத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். வழுக்கைத் தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டை. அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். போத்தல் வந்ததும் ஒரு எண் எழுதி ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது எந்தத் தோட்டத்துப் போத்தல் என்று மேசையில் இருக்கிறவர்கள் நினைக்கக்கூடாது. “ஒன்பது பேரும் நம்பினால்தான் பொது லாப். ஒருத்தன் சந்தேகப்பட்டாலும் இழுத்து மூட வேண்டியதுதான்” என்பார்.

லேபல் ஒட்டுவது என் பொறுப்பு. அங்கேதான் சனியன் பிடித்தது. மேலிடத்திலிருந்து வரும் கோந்து அந்த ஈரத்தில் இரண்டு நாள் தாங்காது. லேபல் உரிந்து விழுந்தால் எந்த எண் எந்தப் போத்தல் என்று தெரியாமல் முழுப் பெட்டியையும் கொட்ட வேண்டியதுதான். இரண்டு முறை அப்படி ஆகி, இரண்டு முறையும் நான் திட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் கடித உறை, பட்டம், சுவரில் சாமி படம் எல்லாவற்றையும் பழைய சோற்றைப் பிசைந்து ஒட்டித்தான் பழக்கம். ஒட்டினால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் திங்கட்கிழமை தோறும் அம்மா ஒரு பிடி பழைய சோற்றை வாழையிலையில் மடித்துக் கொடுப்பார். லாப்பில் அதைச் சிரட்டையில் போட்டு வெந்நீர் விட்டு மசித்து வைத்துக்கொள்வேன். ஒன்பது தோட்டத்து லேபலும் அதன் பிறகு உரியவேயில்லை. எனக்கு அதில் பெருமை கூட இருந்தது.

அந்த ஒரு பிடிச் சோறு குற்றம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

தொழிலாளர்களின் லயங்களையும், கணக்கெழுதுகிற எங்கள் கிராணி வீடுகளையும் சேர்த்து முள்வேலி போட்டிருந்தார்கள். வெளியே போக ஒரே கேட். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசி போகக் கூடாது என்பது உத்தரவு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோக முடியாது. தேத்தண்ணியில் சீனி இருந்தால் கொட்டிவிடுவார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். வாளிக்குள் கைவிட்டு, இடுப்பைத் தடவி, கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள். அகப்பட்டால் விசாரணை கிடையாது, தடுப்பு முகாம்தான். அங்கிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினவர்களும் உண்டு.

ஆனால் என் பையை யாரும் பார்த்ததில்லை. என் அப்பா தோட்டத்தின் பெரிய கிராணி. நான் கிள்ளானில் விடுதியில் தங்கி ஆங்கிலம் படித்தவள். சோதனைக்காரி என்னைப் பார்த்ததும், “நீங்க போங்கம்மா” என்று கயிற்றைத் தூக்கிவிடுவாள். லாப் வேலிக்கு வெளியே, தொழிற்சாலையை ஒட்டி இருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் இருந்தது, பயம் மட்டும் இல்லை.

ஒரே ஒருத்தி அதைச் சொல்லிக் காட்டினாள். என்னைவிட நாலைந்து வயது மூத்த பால்வெட்டுக்காரி. புருஷன் லோரி கவிழ்ந்து இறந்து ஒரு வருடமாகவில்லை. கைக்குழந்தை ஒன்று, நடக்கிற பிள்ளை ஒன்று. ஒரு திங்கட்கிழமை விடியலில் அவளுடைய தேத்தண்ணிப் போத்தலை வாங்கி, நக்கிப் பார்த்து, இனிக்கிறது என்று தரையில் கவிழ்த்தாள் சோதனைக்காரி. தேத்தண்ணி மண்ணில் ஊறுவதைப் பால்வெட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது நான் கயிற்றைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பையில மட்டும் சாமியா இருக்கு? அதயும் தொறந்து பாருங்க” என்றாள்.

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது. பைக்குள் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. “ஆபீஸ் வேலைக்குப் போறவ பையில என்னா இருக்கும்? பேசறத அளந்து பேசு” என்று கத்திவிட்டு நடந்தேன். மூத்தவளை ஒருமையில் பேசியது எனக்கே உறைத்தது, ஆனாலும் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுக்கவில்லை, கறுவிக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பால்வாளியின் அடியில் துணிக்குள் ஒரு சின்ன டின். அதில் வெள்ளைப் பொடி. அரிசி மாவு என்றார்கள். அவள் கோலப்பொடி என்றாள். அவள் பால் வெட்டும் மர நிரை முடிகிற இடத்தில், ஒரு பெரிய மரத்தடியில் முனியாண்டிக் கல் ஒன்று இருந்தது. செவ்வாய், வெள்ளிகளில் அதற்கு முன்னால் கோலம் போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பாளாம். முன்பு அரிசி மாவில் போட்டாளாம். அரிசிக்குப் பங்கீடு வந்த பிறகு, சுங்கை செம்பிலாங்கிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம் கிளிஞ்சல் ஓடுகளைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து இடித்துச் சலித்து வைத்துக்கொண்டாளாம். தரையில் படம் போட யாராவது சிப்பியை இடிப்பார்களா என்று போலீஸ்காரர்கள் நம்பவில்லை.

திங்கட்கிழமை நான் வழக்கம்போல் சோற்றுப் பொட்டலத்தோடு கேட்டைத் தாண்டினேன். அவள் மூன்று ராத்திரி போலீஸ் கொட்டடியில் கழித்திருந்தாள். அதை நினைக்கத்தான் செய்தேன். அரிசி மாவைப் போய்க் காட்டுக்குள் கொண்டுபோனாளே, துணிச்சல்காரிதான் என்று நினைத்தேன். என் பைக்குள் இருந்ததை அதோடு சேர்த்து நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு போலீஸ் லோரி லாப் வாசலில் வந்து நின்றது. மலாய்க்கார சார்ஜன் ஒருவர் இறங்கி வந்தார். ஒல்லியான ஆள். கையில் அந்த டின், வாயைத் துணியால் கட்டி அரக்கு முத்திரை வைத்தது. கோலாலம்பூருக்கு அனுப்பிச் சோதித்தால் வாரக்கணக்காகும், இங்கேயே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மேலதிகாரி எழுதிய கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்தார். நாலு மணிக்குத் தலைநகரத்துக்குப் போகும் லோரி வரிசையில் கைதிகளைச் சேர்த்தாக வேண்டும். அரிசி என்றால் அந்தப் பெண்ணும் அதில் போவாள், இல்லையென்றால் இங்கேயே விட்டுவிடுவோம் என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லோரியின் பின்பக்கத்தில் இரண்டு சீன ஆண்களுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. முதலில் வியர்வை என்று நினைத்தேன். பிறகுதான் கைக்குழந்தை ஞாபகம் வந்தது. மூன்று நாளாக அது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் அழுதுகொண்டிருப்பதாக அம்மா சொல்லியிருந்தார்.

தலைவர் முத்திரையை உடைத்து ஒரு கரண்டிப் பொடியைக் காகிதத்தில் கொட்டி என்னிடம் நீட்டினார். டின்னைச் சார்ஜனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“பொலிசெண்டாலும் எங்கட முறை ஒண்டுதான், பிள்ளை. முதல் நம்பரைப் போடும். பிறகு செய்யும். சுறுக்கா.”

பொடியை அகல வாய்ப் போத்தலில் கொட்டினேன். எண் எழுதினேன். சிரட்டையிலிருந்து ஒரு விரல் பசை எடுத்து லேபலின் பின்னால் தடவி, கட்டைவிரலால் அழுத்தி நீவி ஒட்டினேன். காலையில் பிசைந்த புதுப் பசை, நன்றாகப் பிடித்தது. எண்ணைப் போட்டுவிட்டேனே தவிர, அது யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் அதை மறக்கவும் முயலவில்லை.

முதலில் கொஞ்சம் பொடியில் ஆசிட் விட்டேன். சீறி நுரைத்தது. ஆக, கிளிஞ்சல் பொடி என்பது உண்மை. அத்தோடு விட முடியாது. கிளிஞ்சலோடு மாவைக் கலந்து ஒளித்திருக்கலாமே. இன்னொரு குழாயில் பொடியைத் தண்ணீரில் கொதிக்க வைத்தேன். ஆறியதும் இரண்டு சொட்டு அயோடின் விட்டு, குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கினேன். எல்லாரும் அப்படித்தான் குலுக்குவோம். இழுப்பறை நிறையத் தக்கைகள் இருந்தும் யார் எடுக்கப் போகிறார்கள்? அயோடினுக்கு மாவு என்றால் நீலம். மாவு இல்லாவிட்டால் தேத்தண்ணி நிறம்.

நீலம் வந்தது. மேலிருந்து கீழே நூல் நூலாக இறங்கிக் குழாய் முழுக்கப் பரவியது.

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கேட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வந்தது. என் பையைத் திறக்கச் சொன்னாயே, உன் டின்னில் என்ன இருக்கிறது பார் என்று மனசுக்குள் சொன்னேன். வெறுந்தண்ணிக் குழாய் ஒன்று வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வழக்கமாக வைப்பேன். அன்று வைக்கவில்லை. அவசரம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

தலைவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. “மாவுச்சத்து இருக்கு” என்று சார்ஜனிடம் மலாயில் சொன்னார்.

“அரிசியா?”

“அரிசியாயும் இருக்கலாம்.”

“அது போதும்” என்றார் சார்ஜன். தலைவர் அறிக்கையைத் தட்டச்சு செய்தார். சோதித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அதற்குக் கீழே போட்டார். காவலுக்கு வந்த கான்ஸ்டபிளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டுச் சார்ஜன் நாற்காலியில் சாய்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

நான் குழாய்களைக் கழுவப் போனேன். அயோடின் போத்தலை மூடும்போது கையில் வழிந்துவிட்டது. அது தினமும் நடப்பதுதான், எங்கள் விரலெல்லாம் எப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும். குழாயடியில் கையை நீட்டினேன். ஆள்காட்டிவிரல் பழுப்பு. நடுவிரல் பழுப்பு.

கட்டைவிரல் கருநீலம்.

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் அந்த விரலையே பார்த்தேன். ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் காய்ந்திருந்த சோற்றுப் பசைதான் நீலமாகியிருந்தது. அந்த விரலால்தான் குழாயை மூடிக் குலுக்கினேன்.

கையைக் கழுவாமல் மேசைக்குத் திரும்பினேன். ஒரு சுத்தமான குழாயில் வெறும் தண்ணீர் பிடித்தேன். இரண்டு சொட்டு அயோடின். இளம் பழுப்பு. கட்டைவிரலால் மூடிக் குலுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். திறந்தபோது அதிலும் நீலம்.

அவளுடைய டின்னில் அரிசி இருந்ததோ இல்லையோ, என் சோதனை செல்லாது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் எனக்குத் தெரியும். பசை எதில் செய்தது? சோறு எங்கிருந்து வந்தது? கேட்டை எப்படித் தாண்டியது? அப்பாவுக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. எங்கள் வீடு தோட்டத்து வீடு. அவளைக் கொண்டுபோகிற அதே லோரியில் எனக்கும் இடம் இருந்தது.

குழாயைத் தலைவரிடம் கொண்டுபோய், பின்பக்க அறையில் வைத்துச் சொன்னேன். அவர் என் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

“சோறோ? இவ்வளவு நாளும் சோத்திலயோ ஒட்டினனீர்?”

“கோந்து ஒட்டல, சார்.”

“ஒன்பது தோட்டத்துக்கும் இனி நான் என்னெண்டு முகம் காட்டுறது?” என்று தலையில் கைவைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பொறும். சோத்தைப் பற்றி வாய் திறக்காதையும். எங்கட முறைப்படி ரெண்டு தரம் செய்ய வேணும் எண்டு சொல்லிப் பாக்கிறன்.”

அவர் முன்னறைக்குப் போய்ச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பொய் பலிக்க வேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன்.

சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு தரம் போதும், துவான். கையெழுத்தும் போட்டாச்சு. அந்த வரிசையை விட்டால் அடுத்தது வியாழக்கிழமைதான். என்னிடம் மூன்று கைதி இருக்கிறார்கள். அதுவரை எங்கே வைத்துக் காப்பது?” என்று அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து தொப்பியை மாட்டினார். வெளியே டிரைவர் லோரியை முடுக்கினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்பதுபோல் இருந்தது அவர் பார்வை.

லோரி அதிர்ந்ததில் அவளுடைய தலையும் ஆடியது. நனைந்த மாரைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டாள். அவள் லாப்பைப் பார்க்கவேயில்லை. ஆயாக்கொட்டகை இருக்கும் திசையைப் பார்த்தாள்.

“அரிசி அவங்களோடது இல்ல” என்று தமிழில் கத்தினேன். பிறகு மலாயில் சொன்னேன். “அரிசி என்னுடையது.”

சார்ஜன் படியில் நின்று திரும்பினார். நான் கட்டைவிரலை நீட்டினேன். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. லேபல், பசை, சோறு, குலுக்கியது, வெறுந்தண்ணிக் குழாய். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் ‘நாசி’ என்ற சொல் புரிந்தது. சோறு என்று அர்த்தம், அந்தக் காலத்தில் போலீஸ்காரர்கள் எதைவிடவும் அதைத்தான் தேடினார்கள். டிரைவரிடம் கையைக் காட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

“என் கண் முன்னால் செய்து காட்டுங்கள்” என்றார்.

தலைவர் என்னை மேசையிடம் விடவில்லை. தன் கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். மூன்று குழாய்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் சார்ஜனின் டின்னிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்த பொடி. மூன்றாவதில் என் சிரட்டையிலிருந்து ஒரு துளிப் பசை. மூன்றையும் கொதிக்க வைத்தார். ஆறுவதற்காகக் காத்திருந்தோம். அவ்வளவு நேரம் ஒரு குழாய் ஆறி நான் பார்த்ததில்லை. கடிகாரம் மூன்றே காலைத் தாண்டியது. டின்னில் நிஜமாகவே மாவு இருந்துவிட்டால்? அப்போது இரண்டு பேரும் போவோம்.

அயோடின் விட்டார். இழுப்பறையைத் திறந்து மூன்று தக்கைகளை எடுத்து அடைத்துக் குலுக்கினார்.

வெறுந்தண்ணி பழுப்பு. பொடி பழுப்பு. பசை மட்டும் நீலம்.

சார்ஜன் குனிந்து மூன்றையும் பார்த்தார். நடுக்குழாயைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்து மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“சோறு கேட்டை எப்படித் தாண்டியது?”

“என் பையில்.”

“யார் சோதித்தது?”

“யாரும் சோதிக்கவில்லை. என்னைச் சோதிப்பதில்லை.”

அவர் என் செருப்பைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா யார் என்று தலைவரிடம் கேட்டார். தலைவர் சொன்னார். சார்ஜன் சிரட்டையை எடுத்து ஜன்னல் வழியே காட்டுப் புல்லில் வீசினார்.

“இனிமேல் கோந்து வாங்குங்கள், நோனா” என்றார், பெரிய வீட்டுப் பெண்ணை அழைக்கிற மரியாதையோடு.

அவ்வளவுதான். கிளிஞ்சலை இடித்தவள் மூன்று ராத்திரி கொட்டடியில் கிடந்தாள். வாரம் தவறாமல் சோறு கடத்தியவளுக்கு ஒரு புத்திமதி. எனக்குத் தேத்தண்ணி கூடக் கொடுத்தார்கள், நடுங்குகிறேன் என்று. அதை நான் குடித்தேன்.

லோரியிலிருந்து அவளை இறக்கிவிட்டார்கள். சார்ஜன் டின்னைக் கொடுத்ததும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரும் அவளிடம் ஒன்றும் விளக்கவில்லை. நான் படியிறங்கி அவள் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

“மணி என்னா?” என்று கேட்டாள்.

“மூணரை.”

“நாலு மணிக்கு ஆயாக்கொட்டாய மூடிருவாங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். வேலி வளைவு வரை நடந்தவள் பிறகு ஓடினாள். மூன்று நாள் உட்கார்ந்தே இருந்த கால், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஓடியது.

தலைவர் என்னை மேசையிலிருந்து எடுத்து ஒரு மாதம் போத்தல் கழுவப் போட்டார். ஒன்பது தோட்டத்துக்கும் அவரே கடிதம் எழுதினார். என் பெயர் போடாமல், ‘எங்கள் லாப்பில் நேர்ந்த தவறு’ என்று. ஒரு தோட்டம் மட்டும் சில வாரம் போத்தல் அனுப்பாமல் இருந்தது. அன்று சாயங்காலமே லயம் முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது. அம்மா அழுதார். அப்பா என்னைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “முழுப் பூசணிக்காய சோத்துல மறைப்பாங்க. நீ சோத்தையே மறைச்சிருக்க” என்றார்.

மறுநாள் விடியலில் கேட்டுக்குப் போனேன். பையில் சீப்பும் கைக்குட்டையும் கடையில் வாங்கிய கோந்துப் போத்தலும் மட்டும் இருந்தன. பெண்கள் வரிசை நீளமாக நின்றது. முந்தின ராத்திரி முழுக்க, நானும் வரிசையில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டாள். அடுத்தவளும் விலகினாள். வழி விட்டார்கள், மரியாதைக்கா வெறுப்புக்கா என்று தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் மேசைக்கு முன்னால் இருந்தேன்.

“நீங்க போங்கம்மா” என்று சோதனைக்காரி வழக்கம்போல் கயிற்றைத் தூக்கினாள்.

கயிறு உயர்ந்ததும் என் கால் தானாக முன்னால் போனது. ராத்திரி செய்த முடிவெல்லாம் அந்த ஒரு அடியில் காணாமல் போயிற்று. அப்பாடா என்று கூட இருந்தது.

“அந்தப் பையயும் பாருங்க.”

அவள்தான். எனக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக வாளியோடு நின்றாள். இந்த முறை குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. சோதனைக்காரி கயிற்றைப் பிடித்தபடி என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

நான் பின்னால் வந்து பையை மேசையில் வைத்தேன். சோதனைக்காரி முதலில் இரண்டு விரலால்தான் தொட்டாள். பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவினாள். கோந்துப் போத்தலைத் திறந்து முகர்ந்தாள். என் இடுப்பைத் தடவினாள். கடைசியில் என் கொண்டையில் கை வைத்துத் தயங்கினாள். நான் தலையைக் குனிந்தேன். ஊசிகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன. அவ்வளவு பேர் நடுவில் என் தலைமுடி முதுகில் சரிந்தது. அழுகை வந்தது. அவர்கள் தினமும் இப்படித்தான் நிற்கிறார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். என் முதுகுக்கு அன்றுதான் தெரிந்தது.

“போலாம்” என்றாள் சோதனைக்காரி. ‘அம்மா’ இல்லை.

ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். இரண்டு பேருக்குப் பிறகு பால்வெட்டுக்காரியின் முறை வந்தது. வாளியை மேசையில் வைத்து, டின்னை எடுத்து மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு யாரும் சொல்வதற்கு முன்பே தன் கொண்டையைத் தானே அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.